மீன்தொட்டியில் தவளை வளர்க்கலாமா? திருப்பதி, சித்தூர் வாசகர்கள் அறிய வேண்டியவை

திருப்பதி: பாதி நிலமும் பாதி நீருமாக அமைக்கப்படும் சிறு கண்ணாடித் தொட்டிகள் மீன் வளர்ப்போரிடையே விருப்பம் பெற்று வருகின்றன. 'பாலுடேரியம்' எனப்படும் இத்தகைய தொட்டியில் மீன்களுடன் தவளை போன்ற நீர்நில வாழ்வி ஒன்றையும் சேர்க்கப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் மீனுக்கும் தவளைக்கும் ஒத்துவரும் சூழல் எளிதில் அமைவதில்லை. எந்த உயிரினத்தைத் தேர்ந்தெடுக்கலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

குளத்துத் தவளை கூடாது

மழைக்காலத்தில் வயலிலும் ஏரியிலும் எளிதில் கிடைக்கும் தவளையைப் பிடித்துத் தொட்டியில் விடுவது தவறான தொடக்கமாகும். நம் பகுதியில் காணப்படும் பெரிய இந்தியக் காளைத் தவளை, வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கக்கூடியது. சிறு மீன்கள் அதற்கு இரையே. மனிதர்களால் அந்தமான் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தத் தவளை, அங்குள்ள சிற்றுயிர்களுக்கு அச்சுறுத்தலாக மாறியுள்ளது. தேரையின் நிலையும் இதுவே: அதன் தோலில் சுரக்கும் நச்சு, சிறு தொட்டியின் நீரில் கலந்தால் மீன்களுக்கு ஆபத்து.

சட்டமும் கவனிக்கத்தக்கது. இந்தியக் காளைத் தவளை 1985-ஆம் ஆண்டு முதல் 'சைட்டிஸ்' எனப்படும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. தவளைக் கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் தடை செய்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இயற்கையிலிருந்து தவளையைப் பிடிப்பதைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. உயிர்க்கோளக் காப்பகமான சேஷாசலம் மலைப்பகுதியில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

கடைகளில் விற்கப்படுபவை

ஆக்ஸலாட்டில்: மெக்சிகோவைச் சேர்ந்த இது முழுவதும் நீரில் வாழ்வது; நிலப்பகுதியால் அதற்குப் பயனில்லை. ஏறத்தாழ 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நீர் தேவை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில் குளிரூட்டும் கருவியின்றி இதனை வளர்ப்பது கொடுமையாகும். சிறு மீன்களையும் இது உண்ணும். சைட்டிஸ் பட்டியலில் உள்ளதால், 2024-இல் வெளியிடப்பட்ட விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில் பதிவு செய்யப்பட வேண்டியதாகும்.

நெருப்பு வயிற்றுத் தேரை: நிலமும் நீரும் கலந்த தொட்டிக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படுவது. எனினும் அதன் தோல் நச்சு மீன்களுக்குக் கேடு; வெப்பத்தையும் தாங்காது.

ஆப்பிரிக்க நகத்தவளை: 10 செ.மீ.க்கும் மேல் வளரும், மீன்களை விழுங்கும். பல நாடுகளில் ஆக்கிரமிப்பு இனமாகப் பரவியுள்ளது.

ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை: மூன்று, நான்கு செ.மீ. அளவே வளரும். 24 முதல் 27 டிகிரி வெப்பநிலையில் நலமாக வாழும். சிறு மீன்களுடன் ஓரளவு ஒத்துப்போகும் ஒரே தேர்வு இதுவே.

நகத்தவளைக் குஞ்சுகள் குள்ளத் தவளை என விற்கப்படுவதுண்டு. முன்கால்களைப் பார்த்தாலே வேறுபாடு புரியும்: குள்ளத் தவளையின் நான்கு கால்களிலும் விரல்களிடையே சவ்வு இருக்கும், நகத்தவளையின் முன்கால்களில் சவ்வு இராது.

தொட்டி அமைப்பு

குள்ளத் தவளையும் நீரிலேயே வாழ்வது. எனவே நிலப்பகுதி செடிகளுக்கும் அழகுக்கும் மட்டுமே உதவும். மூச்சு விட மேற்பரப்புக்கு வந்து செல்வதால், நீரின் ஆழம் 30 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மெல்லிய நீரோட்டம் தரும் ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர் போதுமானது. தவளை வெளியே குதித்தால் உலர்ந்து இறந்துவிடும். ஆகவே இடைவெளியற்ற வலை மூடி கட்டாயம்.

குழாய் நீரிலுள்ள குளோரின் தவளையின் தோல் வழியே உட்சென்று கொல்லும் என்பதால் அதனை நீக்கும் திரவத்தைச் சேர்க்க வேண்டும். உயிரினங்களை விடுவதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஃபில்ட்டரை இயக்கி, அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக வழி செய்ய வேண்டும். கோடையில் நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை இயக்கினால் வெப்பநிலை சில டிகிரி குறையும்.

மீன்களில் கப்பி, நியான் டெட்ரா போன்ற அமைதியானவை பொருந்தும். தங்கமீன், சிக்லிட், டைகர் பார்ப் ஆகியவை கூடாது. தவளையின் பார்வை மங்கலானது. மணத்தை வைத்தே இரை தேடும். வேகமான மீன்கள் உணவைப் பறித்துவிடுவதால், உறைந்த இரத்தப்புழுவைப் பிப்பெட் கொண்டு தவளையின் அருகிலேயே கொடுக்க வேண்டும். மீன்குஞ்சுகள் தவளைக்கு இரையாகலாம்.

வெளியே விட வேண்டாம்

வளர்க்க இயலாத நிலையில், வெளிநாட்டுத் தவளையை சுவர்ணமுகி ஆற்றிலோ ஏரியிலோ விடுவது பெருந்தவறு. தொட்டி நீரையும் நீர்நிலைகளில் ஊற்றக்கூடாது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை, உயிரின வணிகத்தின் வழியே உலகெங்கும் பரவியது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, குறைந்தது 501 நீர்நில வாழ்வி இனங்களின் சரிவுக்கு இது காரணமானது. அவற்றுள் 90 இனங்கள் அழிந்திருக்கக் கூடும். கைவிட நேர்ந்தால் விற்ற கடையிடமே திருப்பி ஒப்படைக்கலாம்.

தவளையைக் காண்பது மட்டுமே விருப்பமெனில், தோட்டத்தின் ஓர் ஓரத்தில் மீன்களற்ற சிறு நீர்த்தொட்டியைத் திறந்து வைப்பதே எளிய வழி. மீன்கள் தலைப்பிரட்டைகளை உண்டுவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். கொசு பெருகாதவாறு வாரந்தோறும் நீரைக் கவனித்து வந்தால், மழைக்காலத்தில் தவளைகள் தாமாகவே வரக்கூடும்.