சட்டம் முதலில் காத்தது யாரை?

பேராக் சுரங்கங்களில் தோண்டிய ஈயத்தாது உருக்குவதற்குப் பினாங்கு வந்தது. ஜார்ஜ்டவுன், டத்தோ கிராமாட் சாலையில் 1897-லேயே உருக்காலை உண்டு. தாது ஒன்று; சட்டமோ இரண்டு! பினாங்கு நீரிணைக் குடியேற்றம். பேராக் மலாய் மாநிலம்.

மலாயாவில் சட்டம் முதலில் காத்தது தொழிலாளியையா? இல்லை, கொதிகலனை! சிலாங்கூர் 1892-ல் இயற்றியது கொதிகலன் சட்டம்தான். (அது வெடித்தால் ஆளும் சாவான் என்பது வேறு விஷயம்.) ஆளுக்கொரு திசையில் கிடந்த இயந்திரச் சட்டங்கள் 1953-ல்தான் ஒன்றாயின.

சுரங்கம், கல்லுடைப்பு, கட்டுமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, தொழிலாளியின் உயிருக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது 1994 சட்டம். மீறினால் அபராதம்? அதிகபட்சம் 50,000 ரிங்கிட். 2017-ல் பினாங்கு தஞ்சோங் பூங்காவில், கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் புதைந்து மாண்டபோதும் அதே தொகைதான். 2024 ஜூன் 1 முதல் அது 5 லட்சம்.