காலி ஜாடிக்குள் ஒரு கடல் வாணிகம்

வரலாற்றை அறிய ஏடு போதுமா, ஓடும் வேண்டுமா என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் கேள்வி. நான் ஓட்டின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

பண்டைய கிரேக்கம் என்றதும் சாக்ரட்டீசும் அலெக்சாந்தரும் பளிங்குக் கோயில்களும்தான் நம் நினைவுக்கு வரும். இவற்றை நமக்குச் சொன்னவை ஏடுகள். ஆனால், கப்பலில் சரக்கு ஏற்றியவர்களைப் பற்றி அந்த ஏடுகள் அதிகம் பேசவில்லை. அந்தக் குறையை நிரப்புவது ஒரு மண் ஜாடி. அதன் பெயர் அம்போரா. இருபுறமும் பிடித்துத் தூக்குவது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

அந்தக் காலத்துக் கொள்கலன்

கிள்ளான் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் கொள்கலன்களை நாம் பார்த்திருக்கிறோம். கிரேக்கர்களுக்கு அம்போராதான் கொள்கலன். குறுகிய கழுத்து, இரண்டு கைப்பிடி, கூரான அடிப்பாகம். தரையில் நிற்காத ஜாடியை ஏன் செய்தார்கள்? கப்பலின் அடித்தளத்தில் ஒரு வரிசை ஜாடிகளின் தோள்களுக்கு இடையே அடுத்த வரிசையின் கூர்முனை கச்சிதமாக உட்காரும். ஊற்றும்போது அந்த முனையே மூன்றாவது கைப்பிடியாகவும் உதவும். மது கசியாமல் இருக்க உள்ளே பைன் மரப் பிசினைப் பூசினார்கள்.

ரோட்ஸ் தீவின் ஜாடி ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். அதன் ஒரு கைப்பிடியில் அந்த ஆண்டுக்குரிய சூரியக் கடவுளின் பூசாரி பெயரையும், மற்றொன்றில் தயாரிப்பாளரின் பெயரையும் முத்திரையாக அழுத்தினார்கள். மாதத்தின் பெயரும் பல முத்திரைகளில் உண்டு. பூசாரிகளின் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஆண்டுக் கணக்குக் கிடைத்துவிடும். உடைந்த கைப்பிடி ஒரு நாட்காட்டியாகிறது!

இந்த வேலைக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் வர்ஜீனியா கிரேஸ் (1901-1994). ஏதென்சில் அவர் தொகுத்து வளர்த்த முத்திரைப் பதிவுகள் ஒரு லட்சத்தைத் தாண்டும். ரோட்ஸ் தீவின் முத்திரைகள் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலும் கருங்கடல் கரையிலும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலும் கிடைத்துள்ளன. அந்தத் தீவின் வாணிகம் எதுவரை நீண்டது என்பதை எந்த ஏடும் இத்தனை விரிவாகச் சொல்லவில்லை.

நான்கு பேரின் கப்பல்

சைப்ரசின் கைரீனியா கடற்பகுதியில் 1965ஆம் ஆண்டு ஒரு முக்குளிப்பாளர் ஜாடிக் குவியல் ஒன்றைக் கண்டார். மைக்கல் கட்செவ் தலைமையில் 1967 முதல் 1969 வரை அகழ்வாய்வு நடந்தது. அது கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூழ்கிய, ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள வணிகக் கப்பல். அதில் சுமார் 400 அம்போராக்கள் இருந்தன. பெரும்பாலானவை ரோட்ஸ் தீவில் செய்யப்பட்டவை. கூடவே ஆட்டுக்கல் போன்ற அரைவைக் கற்களும் ஏறத்தாழ 10,000 பாதாம் கொட்டைகளும் கிடைத்தன.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. தட்டு, குவளை, கரண்டி என உணவுப் பாத்திரங்கள் நான்கு நான்காகக் கிடைத்தன. ஆகவே, கப்பலில் நால்வர் இருந்தனர் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். எந்த ஏட்டிலும் பெயர் இல்லாத நான்கு தொழிலாளர்கள்! அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கரண்டிகளே சாட்சி.

உறை வேறு, சரக்கு வேறு

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நிகழ்ச்சிப் படைப்பாளர் என்ற முறையில் எனக்குத் தெரியும், அழகான முன்னோட்டத்தை மட்டும் பார்த்து நிகழ்ச்சியை எடைபோடக் கூடாது. ஜாடிக்கும் அது பொருந்தும்.

கியோஸ் தீவு மதுவுக்குப் பெயர் பெற்றது. அதனால், கியோஸ் பாணி ஜாடி என்றால் உள்ளே மதுதான் என்று முடிவு கட்டுவது வழக்கமாக இருந்தது. அந்தத் தீவின் அருகே சுமார் 70 மீட்டர் ஆழத்தில், 2,400 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பல் ஒன்றின் ஜாடிகளை பிரெண்டன் ஃபோலி, மரியா ஹான்சன் இருவரும் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினர். 2008ல் முடிவு வெளியானது. ஒரு ஜாடியில் மதுவின் தடயம் இல்லை. இருந்தவை ஆலிவின் மரபணுவும் ஒரிகானோ மூலிகையின் மரபணுவும்! பின்னர் ஒன்பது ஜாடிகளை ஆராய்ந்தபோது திராட்சை, ஆலிவ், பயறு வகை, மூலிகைகள் எனப் பலவும் தெரிய வந்தன.

ஒரே ஜாடியைப் பலமுறை பயன்படுத்தியிருக்கலாம் அல்லவா? இதற்கு ஏட்டில் ஆதாரம் உண்டு. கிரேக்கத்திலிருந்து மது ஜாடிகள் ஏராளமாக எகிப்துக்கு வந்தும் காலி ஜாடி ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லையே என்று வியந்த ஹெரோடோட்டஸ், காரணத்தையும் சொல்கிறார். அவற்றைச் சேகரித்து, தண்ணீர் நிரப்பி, சிரியாவின் பாலைநிலத்துக்கு அனுப்பினார்களாம்.

கல்வெட்டும் உதவுகிறது. தாசோஸ் தீவின் சட்டப்படி, குறிப்பிட்ட கடல் எல்லைக்குள் அத்தீவின் கப்பல்கள் வெளியூர் மதுவைக் கொண்டுவரக் கூடாது. மீறினால், மதுவில் தண்ணீர் கலந்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. கலப்படம் அன்றே இருந்திருக்கிறது. உள்ளூர்ச் சரக்கைக் காக்கும் அரசியலும் இருந்திருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அம்போரா ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் குறிப்பிடுவதால் நாம் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால், அங்கே கிடைத்தவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணி ஜாடிகள் பல. அதே பாணியை இத்தாலியிலும் செய்தார்கள். எனவே, வடிவம் மட்டும் போதாது. களிமண்ணையும் ஆராய வேண்டும். இந்தியாவில் ரோமானிய ஜாடி என்று எண்ணப்பட்ட ஓடுகளில் ஒரு பகுதி, உண்மையில் மெசொப்பொத்தேமியாவின் ஜாடிகள் என்று 2007ல் ராபர்ட்டா டோம்பர் எடுத்துக்காட்டினார். பெருமை குறையவில்லை, நம் துறைமுகங்களின் உறவு பாரசீக வளைகுடா வரை விரிந்தது.

அந்நாளில் பல அகழ்வாய்வுகளில் முத்திரை உள்ள கைப்பிடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஓடுகளை வீசிவிட்டார்கள். அழகுக்காக ஜாடியைச் சுரண்டிக் கழுவினால் உள்ளே ஒட்டியிருந்த சான்றும் போய்விடும். நினைவுப் பொருள் என்று கடலடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தால், அது எந்தக் கப்பலுக்கு, எந்த வரிசைக்கு உரியது என்ற செய்தி அழிந்துபோகும். ஏடு தொலைந்தால் ஒரு பிரதியாவது எங்கேனும் கிடைக்கலாம். இடம் பெயர்ந்த ஓட்டுக்குப் பிரதி கிடையாது.

ஆகவே, என் தரப்பு இதுதான். ஏடு போதாது, ஓடும் வேண்டும். ஓடு சொல்வதைச் சோதிக்க ஏடும் ஆய்வுக்கூடமும் வேண்டும். முன்னோரின் பெருமையைப் பேசுமுன் அவர்கள் விட்டுச்சென்ற ஓட்டை இருந்த இடத்திலேயே காப்போம்.