சீயமங்கலம் சென்று வந்தோம்

நமது பங்கு மக்கள் சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்திற்குத் திருப்பயணம் போவது புதிதன்று. போகிறவர்கள் செஞ்சிக் கோட்டையையும் பார்த்துவிட்டு வருவார்கள். கோட்டையைப் பற்றிப் பேசினால் நம்மவர்க்குச் சற்றுப் பெருமையும் உண்டு. சேசு சபைக் குருவாகிய நிக்கோலாஸ் பிமெந்தா சுவாமி 1597இல், கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், அங்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகர்களுள் இதுவே பெரிது என்றும், லிஸ்பனை நீக்கினால் போர்த்துகலில் இதற்கு ஈடான ஊர் இல்லை என்றும் எழுதி வைத்தார்.

ஆனால் செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்துக்கு நம்மில் எவரும் போனதாகத் தெரியவில்லை. மலருக்காகப் பங்கு வரலாறு எழுதப் புகுந்த நாங்கள், சேத்துப்பட்டில் பூசை கண்டபின் வண்டியை அந்தப் பக்கம் விட்டோம்.

சிற்றூர்தான். சீயம் என்றால் சிங்கம். ஊரை ஒட்டிய குன்றில் பாறையைக் குடைந்து, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்மன் சிவனுக்கு எடுத்த கோயில் இருக்கிறது. தூணாண்டார் கோயில் என்பார்கள். நாயக்கர் காலச் செஞ்சிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது! செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் இதே அரசன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பொறித்திருக்கிறான். செங்கல் விலையும் சுண்ணாம்பு விலையும் கேட்டுக் கேட்டு ஆலயம் புதுப்பிக்கும் நமக்கு அது வியப்பாகவே இருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றோம். தூண் ஒன்றில் ஆடல்வல்லான் உருவம். தமிழ்நாட்டுக் கற்சிற்பங்களில் மிகப் பழைய ஆடல் உருவங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் எங்கள் கண் போனது எழுத்தின்மேல். கிரந்த எழுத்தில் வடமொழி. லளிதாங்குரன் என்னும் பட்டப் பெயருடைய மன்னன் இதைச் செய்வித்தான், இதன் பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம், நற்செயல் என்னும் மணிகளைக் காக்கும் பேழை போன்றது என்பது அதன் கருத்து. பேழை என்ற சொல் எங்களுக்கு நற்கருணைப் பேழையை நினைவூட்டியது. குன்றின் மேல் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன. பொழுது சாய்ந்ததால் அங்கு அதிகம் நிற்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எங்களை ஒன்று உறுத்தியது. 1,400 ஆண்டுக்கு முன் கட்டியவன் பெயர் அங்கே நிற்கிறது. நம் ஆலயத்தைக் கட்டிய பெரியவர்களின் பெயரோ நமக்குத் தெரியாது. ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டது. தலைவாசலுக்கு மேல் இருந்த கல்வெட்டின்மீது சென்ற பழுதுபார்ப்பில் சாந்து பூசிவிட்டார்கள். பூசச் சொன்ன குழுவில் எங்களில் இருவர் இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

மறுவாரமே கொத்தனாரை அழைத்து, சாந்தைப் பையப் பையக் கொத்தச் செய்தோம். இரண்டு வரி முழுமையாக வந்திருக்கிறது. மூன்றாம் வரியில் ஒரு பெயர் தொடங்குகிறது. மின்விளக்குக்காக யாரோ அடித்த ஆணி அந்த இடத்தில் கல்லைச் சிதைத்திருப்பதால், மலர் அச்சுக்குப் போகும்வரை முதல் எழுத்துக்கு மேல் படிக்க இயலவில்லை. பழைய திருமண ஓலையோ கல்லறை ரசீதோ வைத்திருக்கும் குடும்பத்தினர் ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு இல்லத்தில் எங்களிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.