புகை யாருடைய கணக்கில்?

நான் வசிக்கும் ஷோனெஃபெல்ட்டின் பெயர் எம்மவர் பலருக்கு மறக்க முடியாதது. எண்பதுகளின் நடுப்பகுதியில், கிழக்கு ஜேர்மனியின் வசமிருந்த இந்த விமானநிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் போய் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் ஏராளம். நகரைப் பிரித்த கோட்டை மேற்குத் தரப்பு நாட்டெல்லையாக ஏற்கவில்லை. அதனால் அங்கே வழமையான குடிவரவுச் சோதனை இருக்கவில்லை. 1986 ஒக்ரோபருடன், மேற்கு ஜேர்மன் விசா இல்லாதவர்களைக் கிழக்கு மறிக்கத் தொடங்கியது; வழி அடைபட்டது.

இரு அரசுகளுக்கு நடுவே, யாருடைய பொறுப்புமில்லாத இடைவெளி அது. அப்படியோர் இடைவெளி காலநிலைப் பேச்சுவார்த்தையிலும் உண்டு.

1995 மார்ச் 28 முதல் ஏப்ரல் 7 வரை, ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் முதலாவது மகாநாடு பேர்லினில் நடந்தது. அப்போதைய சுற்றாடல் அமைச்சர் அங்கெலா மேர்க்கல் தலைமை தாங்கினார். கைத்தொழில் நாடுகள் 2005 ஆம் ஆண்டுக்குள் கரியமிலவாயுவை 1990 இன் அளவிலிருந்து 20 வீதம் குறைக்க வேண்டும் என்பது மாலைதீவு போன்ற சிறு தீவு நாடுகளின் கோரிக்கை. அது கிடைக்கவில்லை. கிடைத்தது 'பேர்லின் ஆணை': கொடுத்த வாக்குறுதிகள் போதாது, கைத்தொழில் நாடுகளே முதலில் குறைக்க வேண்டும், வளர்முக நாடுகள் மேல் புதிய கடப்பாடு இல்லை. அதன் பிள்ளைதான் 1997 இன் கியோட்டோ ஒப்பந்தம். அதிலே இலக்கு சுமார் 5 வீதம்தான். 2001 இல் அமெரிக்கா அதையும் நிராகரித்தது. இருந்தும் 2005 பெப்ரவரியில் அது சட்டமானது. 'நீ இவ்வளவு குறை' என்று பலம் வாய்ந்த நாடுகளுக்கு எழுத்தில் கடமை வந்தது சிறு விடயமல்ல.

ஆனால் கியோட்டோ முறையின்படி, பேர்லினிலிருந்து மியூனிக் பறந்தால் புகை ஜேர்மனியின் கணக்கில். ரொறன்ரோ பறந்தால் எந்த நாட்டின் இலக்கிலும் இல்லை. எண்ணெய் விற்ற நாடா, விமானக் கொம்பனியின் நாடா, பயணியின் நாடா என்று முடிவாகாமல், விடயத்தை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் விட்டார்கள். 2016 இல்தான் அங்கே ஒரு திட்டம் உடன்பாடானது. அதுவும் கூடுகின்ற புகைக்கு வேறிடத்தில் ஈடு தேடும் திட்டம்.

கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கண்டம் தாண்டிப் பறக்கும் சமூகம் நாங்கள். 2020 இல் திறந்த புதிய பேர்லின் விமானநிலையமும் ஷோனெஃபெல்ட்டில்தான். பேச்சுவார்த்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மேசை இல்லாவிட்டால் மாலைதீவின் குரலை யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் ஒரு நாட்டின் பெயரில் எழுதப்பட்டதை மட்டுமே அந்த மேசை கட்டுப்படுத்தும். அடுத்த மகாநாட்டுச் செய்தி வரும்போது, எத்தனை நாடுகள் கையெழுத்திட்டன என்பதோடு, எது எவர் கணக்கிலும் எழுதப்படவில்லை என்றும் கேளுங்கள். அரசுகளுக்கு நடுவே விடுபடுவது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.