கோப்பு உரிமையும் அனுமதியும் (யூனிக்ஸ்)

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, சில அனுமதிகள் உண்டு. உரிமையாளரை மாற்றும் கட்டளை ‘சிஓன்’. அனுமதியை மாற்றுவது ‘சிமோட்’. 1971 நவம்பரில் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இரண்டும் இருந்தன.

இந்த ஏற்பாட்டின் வேர் மல்டிக்ஸ் என்ற இயங்குதளம். எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து எழுதிய அதில், யாருக்கு என்ன அனுமதி என்று கோப்புதோறும் ஒரு பட்டியல் இருந்தது. 1969இல் பெல் ஆய்வகம் அத்திட்டத்திலிருந்து விலகியது. அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் சிறிய கணினிக்காக உருவாக்கிய யூனிக்ஸில் நீண்ட பட்டியலுக்கு இடமில்லை. சில பிட்டுகளோடு முடித்துக்கொண்டார்கள். முதல் கையேட்டின்படி ஆறே பிட்டுகள்: உரிமையாளர் படிக்க, எழுத, பிறர் படிக்க, எழுத, இயக்குவதற்கு ஒன்று, ஆறாவது செட்யூஐடி. குழு என்ற பேச்சே அப்போது இல்லை. 1974இல் இருவரும் வெளியிட்ட ஆய்வுரையில் பிட்டுகள் ஏழாயின. 1978இல் வந்த அதன் திருத்திய வடிவில், குழுவும் சேர்ந்துகொள்ள, பத்தாயின.

செட்யூஐடி ரிச்சியின் கண்டுபிடிப்பு. இந்தப் பிட் உள்ள நிரலை யார் இயக்கினாலும் அது அந்நிரலின் உரிமையாளருக்குரிய அதிகாரத்தோடு ஓடும். சாதாரணப் பயனர் கைவைக்க முடியாத கடவுச்சொல் கோப்பில் அவருடைய புதிய கடவுச்சொல் பதிவாவது இதனால்தான். 1973இல் விண்ணப்பித்து 1979 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை (எண் 4,135,240) பெற்ற இந்த உத்தி, பின்னர் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

அனுமதிகளை எண்ணாலும் குறிப்பர்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. ‘சிமோட் 754’ என்றால் உரிமையாளருக்கு மூன்றும், குழுவுக்குப் படிக்கவும் இயக்கவும், மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். கோப்புறைக்கு வந்தால் பொருள் மாறிவிடும். அங்கே இயக்கும் அனுமதி உள்ளே நுழையும் அனுமதி. அதனுடன் எழுதும் அனுமதியும் இருந்தால் உள்ளிருக்கும் அடுத்தவர் கோப்பையும் அழித்துவிடலாம். புதியவர்கள் திகைப்பது இங்கேதான். எல்லோரும் எழுதும் தற்காலிகக் கோப்புறைகளில் இதைத் தடுப்பது ஸ்டிக்கி பிட். தொடக்கத்தில் அதன் வேலை வேறு: ஓடி முடிந்த நிரலை ஸ்வாப்பில் (நினைவகத்துக்குத் துணையான வட்டுப் பகுதியில்) தக்கவைப்பது.

தன் கோப்பைப் பயனரே இன்னொருவர் பெயருக்கு மாற்றலாமா என்பதில் இரு மரபுகள் உண்டு. ஏ.டி. அண்ட் டி.யின் சிஸ்டம் ஃபைவ் அதை அனுமதித்தது. பெர்க்லி யூனிக்ஸ் அதை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு மட்டும் ஒதுக்கியது. வட்டில் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று அளந்து கொடுத்த பிறகு, பெரிய கோப்புகளை அடுத்தவர் கணக்கில் தள்ளிவிட வழி விடுவது அறிவீனம். பெர்க்லியின் முடிவே சரி. லினக்ஸும் அதையே பின்பற்றுகிறது. உரிமையாளர் மாறினால் இயங்கு கோப்பின் செட்யூஐடி பிட்டையும் லினக்ஸ் நீக்கிவிடும். அனுமதி விஷயத்திலோ, கோளாறு எதுவானாலும் ‘777’ போட்டு எல்லோருக்கும் எல்லாம் திறந்துவிடுவது இணையச் சேவையகங்களில் பரவலான சோம்பேறித்தனம்.

1993இல் வந்த விண்டோஸ் என்.டி. மல்டிக்ஸ் பாணிப் பட்டியலுக்கே திரும்பியது. லினக்ஸிலும் அத்தகைய பட்டியல் பின்னர் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு உரிமையாளர் முறையையே பயன்படுத்தி ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் தருகிறது.