குப்பைக் கிடங்கும் கண்காணிப்புக் கிணறும்

கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் சென்னை மாநகரம் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டி வந்திருக்கிறது. இரண்டும் திறந்தவெளிக் கிடங்குகள். சாறு கீழிறங்காமல் தடுக்கும் களிமண் படுகையோ நெகிழித் தகடோ அடியில் இடப்படவில்லை. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே அமர்ந்திருக்கிறது. குப்பையினூடே இறங்கும் மழைநீர் கருநிறச் சாறாகி நிலத்தடியைச் சேர்கிறது. இத்தகைய இடங்களின் ஓரத்தில் யார் குடியமர்த்தப்படுகிறார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களது கைப்பம்பில் வரும் நீர் கெட்டுவிட்டதை நீதிமன்றத்தில் எவ்வாறு மெய்ப்பிப்பது என்பதே இங்கு நாம் பேசவிருப்பது.

2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நிலநிரப்பு அமைக்கும் முன்பே அப்பகுதி நிலத்தடி நீரின் தரத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்றன. எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கோடை, மழைக்காலம், மழைக்குப் பிந்தைய காலம் என ஆண்டு முழுவதும் சோதிக்க வேண்டும் என்றும் அவை கூறின. மூடிய பிறகும் 15 ஆண்டுகள் பராமரித்துக் கண்காணிக்க வேண்டும் என்றும் அவை விதித்தன. பழைய கிடங்குகளில் முதல் பதிவு என்ற ஒன்றே கிடையாது. எனவே, நீரோட்டத்தின் மேற்புறத்தில், குப்பையின் பாதிப்பு எட்டாத இடத்தில் தோண்டப்படும் ஒப்பீட்டுக் கிணறே அதற்கு மாற்று. அக்கிணறு இல்லாத ஆய்வறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் பாதி அறிக்கைதான்.

நீர் எத்திசையில் ஓடுகிறது என்பதை அறிய ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளேனும் தேவை. கோடையில் சுற்றுப்புற மோட்டார்கள் இழுக்கும் வேகத்தில் திசையே மாறக்கூடும். வீட்டு ஆழ்துளைக் கிணறு இவ்வேலைக்குப் போதாது; அது பல அடுக்குகளின் நீரைக் கலந்து தருவதால் மாசு நீர்த்துப்போய்த் தெரியும். கண்காணிப்புக் கிணற்றில் குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் துளைகளிட்ட பிவிசி குழாய் இருக்கும். துளைப் பகுதியைச் சுற்றி மணலும், அதன்மேல் பென்டோனைட் களிமண்ணும், அதற்கும் மேல் சிமெண்டும் நிரப்பி, வாயில் பூட்டுள்ள மூடி போடுவார்கள். மேற்பரப்பு நீர் குழாயோரமாக இறங்கிவிட்டால் முடிவு முழுவதும் பயனற்றுப்போகும்.

குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது. ஆகவே சாற்றின் வருகையை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுவே. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் கடலோர நகரில் எதிர்த்தரப்பு உடனே, “இது கடல்நீர் உட்புகுந்ததன் உப்பு” என்று வாதிடும். அம்மோனியா, பொட்டாசியம், இரசாயன ஆக்சிஜன் தேவை ஆகியவற்றையும் சேர்த்துச் சோதிக்கக் கோருங்கள். குப்பைச் சாற்றில் இவை மிகுந்திருக்கும். கடல் உப்பை மட்டும் காட்டி இவற்றை விளக்கிவிட முடியாது.

ஒரு வழக்கில் மக்கள் குளிர்பானப் புட்டியில் பிடித்துவந்த நீரின் ஆய்வறிக்கையையே நாங்கள் தாக்கல் செய்தோம். யார் எடுத்தது, எப்போது, முத்திரை எங்கே என்ற மூன்று கேள்விகளில் அந்த அறிக்கை வீழ்ந்தது. 1974 ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், பிரிவு 21, கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது அறிவிப்புத் தருதல், இரண்டாகப் பிரித்தல், முத்திரையிட்டுக் கையொப்பமிடுதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. கிணற்று நீருக்கும் அதே ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது. தேங்கிய நீரை இறைத்து வெளியேற்றிய பின்பே மாதிரி எடுக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(x), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுப்பதைக் குற்றமாக்குகிறது. கிணற்றில் மலம் கொட்டிய கைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது என்றே நாங்கள் கருதுகிறோம். ஒரு மாநகராட்சிக்கு எதிராக அதை நிலைநாட்டுவது கடினம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், பிரிவு 17, தவறு இழைத்ததை மெய்ப்பிக்காமலேயே இழப்பீடு கோர வழிவிடுகிறது. பிரிவு 15 இன்கீழ் அதற்கான காலவரம்பு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். எனவே, பழைய ஆய்வு முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறும்போது தேதிகளைக் கூர்ந்து பாருங்கள்.

இப்போது இவ்விரு கிடங்குகளிலும் பயோமைனிங் முறையில் பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கிறார்கள். இயந்திரங்களுக்கு வழிவிட முதலில் பிடுங்கப்படக்கூடியவை ஓரத்துக் கிணறுகளே. அவற்றின் இருப்பிடத்தையும் ஆழத்தையும் வரைபடத்தில் குறித்து, பணி முடிந்த பின்னும் அவை தொடர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுமாறு இப்போதே மனுச் செய்ய வேண்டும்.