தொப்புளில் கட்டியா? சினைப்பைப் புற்றுநோய் தோலுக்குப் பரவுவது எப்படி?

தொப்புளில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை. "சும்மா கொழுப்புக் கட்டிதான்" என்று பலரும் விட்டுவிடுவதுண்டு. பெரும்பாலும் அது ஆபத்தில்லாததுதான். ஆனால் அரிதாக, வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

எப்படிப் பரவுகிறது?

கருமுட்டை உருவாகும் இடம் சினைப்பை. அங்கு தொடங்கும் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றறைக்குள்ளேயே பரவும். தோலுக்குப் போவது அபூர்வம். வயிற்றின் உட்சுவரிலிருந்து நேரடியாகவோ, நிணநீர், ரத்தக் குழாய்கள் வழியாகவோ அது தோலை எட்டலாம். பழைய அறுவை சிகிச்சைத் தழும்பிலும் வரலாம்.

தோலில் எப்படித் தெரியும்?

- கெட்டியான கட்டி, பெரும்பாலும் வலி இருக்காது
- சில வேளை புண்ணாகி நீர் அல்லது ரத்தம் கசியும்
- வயிறு, மார்புப் பகுதியில் ஆறாத சிவந்த தடிப்பு

தொப்புளில் வரும் இத்தகைய கட்டிக்குச் 'சகோதரி மேரி ஜோசப் கட்டி' என்று பெயர். அவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டாக்டர் வில்லியம் மேயோவின் அறுவை சிகிச்சை உதவியாளர். வயிற்றுப் புற்றுநோய் முற்றிய சிலருக்குத் தொப்புளில் கட்டி இருப்பதை அவர் கவனித்தார். 1949இல் ஆங்கிலேய மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அதற்கு அவருடைய பெயரைச் சூட்டினார். இரைப்பை, பெருங்குடல், கணையப் புற்றுநோயாலும் அந்தக் கட்டி வரலாம்.

எப்படி உறுதிசெய்வார்கள்?

பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. கட்டியிலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். சிடி ஸ்கேன், சிஏ-125 ரத்தப் பரிசோதனை ஆகியவையும் உதவும்.

சிகிச்சை உண்டா?

உண்டு. தோலுக்குப் பரவிவிட்டால் பொதுவாக அது 4ஆம் நிலை. கீமோதெரபிதான் முக்கிய சிகிச்சை. சிலருக்கு அறுவை சிகிச்சையும் செய்வார்கள். முழுமையாகக் குணமாவது கடினம். ஆனால் நோயைக் கட்டுப்படுத்தவும் வேதனையைக் குறைக்கவும் முடியும்.

எப்போது டாக்டரைப் பார்க்கவேண்டும்?

தோலில் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். 'கேஸ்தானே' என்று மருந்துக்கடையோடு நிறுத்திவிடாதீர்கள்.

பாப் ஸ்மியர் சோதனை சரியாக இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அது கருப்பை வாய்க்கானது. சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க அல்ல.

ஏற்கெனவே சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரா? தழும்பிலோ தொப்புளிலோ புதிதாக எது தென்பட்டாலும், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே தெரியப்படுத்துங்கள்.